காவல்காரன் கால் வைக்காத கடல்

அம்போன்
ஏப்ரல் 9, 1996

கர்த்தருக்குள் அன்பான ஒக்தோ அண்ணனுக்கு,

நம் ஹுலாவேர் ஊர்க் கடலை மூன்று வருடத்துக்கு மூடிவிட்டீர்கள். குருத்தோலை ஞாயிறு ஆராதனையில் போதகர் ஜெபம் செய்தார், ஊர் ராஜா கையை உயர்த்தினார், கடற்காவல் தலைவரான நீங்கள் ஆற்றுமுகத்திலிருந்து கருமுனை வரை தென்னங்குருத்து கட்டிய கம்பங்களை நட்டீர்கள். அந்த எல்லைக்குள் மீன், சிப்பி, கடலட்டை எதையும் எடுக்கக் கூடாது. தூண்டில், துடுப்பு கூடாது, கால்கூடப் படக் கூடாது. கிராம்பு மூட்டையோடு வந்த பெனோனி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். உங்கள் கடிதம் இனிமேல்தான் வரும் போலிருக்கிறது.

நான் நலம். மூட்டுவலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து சேதி சொல்லிவிட்டுப் போகிறது. தெபோரா அண்ணிக்கு இருமல் நின்றதா? என் மீன்கூண்டுகள் இப்போது ஐந்து. சந்துசந்தாகக் கூடை சுமந்து மீன் விற்றவள் ஹாங்காங் கப்பலுக்கு உயிர்மீன் ஏற்றுகிறாள் என்று சந்தைப் பெண்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

கடலை மூடியது சரிதான். தாத்தா காலத்திலிருந்து சாசி என்று மூடுவதும், சிப்பி பருத்தபின் திறப்பதும் நமக்குப் புதிதில்லை. எனக்குப் புரியாதது ஒன்றுதான். காவல்காரர்களும் உள்ளே போகக் கூடாது என்றான் பெனோனி. நான் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"காவலுக்கும் தடையா? அப்ப யாருடா காவல்?"

"ஜெபந்தான் காவல், மினா அக்கா. மீறுறவனுக்கு வயிறு வீங்கிடும்."

"வெளியூர்க்காரன் வயித்துக்கு இது தெரியுமா?"

அவன் மூட்டையை எண்ணப் போய்விட்டான். உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.
தங்கை யாகோமினா


ஹுலாவேர்
ஏப்ரல் 27, 1996

அன்புள்ள தங்கச்சி மினாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். உன் மூட்டுக்குத் தெபோரா கிராம்புத் தைலம் அனுப்பியிருக்கிறாள். இருமல் குறைந்துவிட்டதாம்.

அந்த யோசனை என்னுடையது. போன தடவை கடல் மூடியிருந்தபோது தெபோராவின் தம்பி காவலுக்குப் போன படகில் பலகைக்கு அடியில் முப்பது சிப்பி இருந்தது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே, "கடல் எல்லாருக்கும் மூடியிருக்கு, காவல்காரனுக்கு மட்டும் கதவு தொறந்திருக்கு" என்று பேச்சு. இந்த வருடக் கூட்டத்தில் வாழைக்காய் விற்கும் ரோசிந்தா எழுந்து, "காவலுக்கு யாரு காவல்னு சொல்லிட்டு மூடுங்கப்பா" என்றாள். கூட்டமே சிரித்தது.

நான் எழுந்து நின்றேன். "எங்களுக்கும் சேர்த்தே மூடுங்க. காவல்காரன் மீறுனா ரெட்டிப்புத் தண்டனை. பத்துப் பிரம்படி" என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது. என் வாழ்நாளில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

கரையிலிருந்தே காவல் காக்கிறோம். நீர் வற்றும்போது பவளத்திட்டின் மேற்பரப்பு தெரிகிறது. களவா மீன் கூட்டமாக வந்து திரும்புவது மணலில் நின்றாலே தெரிகிறது. பத்து வருடமாக நான் பார்க்காத காட்சி.

ஓர் உதவி. உன் தொழிலில் இருக்கும் படகுக்காரர்களிடம் எங்கள் கடல் மூடியிருக்கிறது, அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி வை. உன் பேச்சைக் கேட்பார்கள்.

ஆண்டவர் உன் கூண்டுகளைக் காக்கட்டும்.
அண்ணன் ஒக்தோவியானுஸ்


அம்போன்
மே 14, 1996

அன்பான அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் தைலமும் வந்தன. தைலம் எரிகிறது, அதனால் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

படகுக்காரர்களிடம் சொல்கிறேன். ஆனால் அவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். படகில் காற்று அடைக்கும் எந்திரம் இருக்கும். அதன் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆள் கீழே போவான். கையில் பாட்டில் இருக்கும், அதில் சயனைடு கரைத்த மருந்து. பவளப் பொந்துக்குள் பீய்ச்சினால் களவா மயங்கி வெளியே சாயும். கையாலேயே பிடித்துவிடலாம். நல்ல தண்ணீரில் விட்டால் மீன் தெளிந்துவிடும், அல்லது தெளிந்ததுபோல் இருந்து கப்பலில் ஏறியபின் சாகும். பொந்து தெளியாது. ஒரு வாரத்தில் வெளுத்து, ஒரு மாதத்தில் பாசி பிடித்துவிடும்.

என் கூண்டிலும் அந்த மீன் உண்டு. இல்லை என்று எழுதினால் பொய். தூண்டில் மீனா மருந்து மீனா என்று கரையில் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை.

அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போதகரிடம் போய் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: திருட்டுப் படகு வந்தால் காவல்காரன் உள்ளே போகலாம். ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகிறது. ரோசிந்தாவின் வாய்க்குப் பயந்து கடலைத் திறந்து போடாதீர்கள்.

ஒரு தொலைநோக்கி வாங்கி அனுப்பியிருக்கிறேன். பழைய கப்பல்காரனுடையது, ஒரு கண்ணில் கீறல் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மினா


ஹுலாவேர்
ஜூலை 8, 1996

அன்புள்ள தங்கச்சிக்கு,

தெபோராவும் நானும் சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன். தொலைநோக்கி வந்தது. அதை வைத்துப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பாட்டு பாடிக்கொண்டிருந்தோம். எந்திரச் சத்தம் கேட்டது. பாட்டு முடியட்டும் என்று பொறுத்தோம். சத்தம் நிற்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, கடைசியில் கோயிலே கரைக்கு வந்துவிட்டது.

ஆற்றுமுகப் பக்கம் நீலப் படகு ஒன்று. மஞ்சள் குழாய் நான்கு தண்ணீருக்குள் போயிருந்தது. படகில் இருந்தவன் எங்களைப் பார்த்துக் கையாட்டினான், திருவிழாவுக்கு வந்தவன் மாதிரி.

"மூடுன கடல்டா! கம்பம் தெரியலையா?" என்று பெனோனி கத்தினான்.

"தெரியுதே! மூடி வெச்சதாலதான இவ்ளோ மீனு!"

ஊர் ராஜா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "நான் இந்த ஊர் ராஜா பேசுறேன்!"

"வணக்கம் ராஜா! அப்படியே நாலு இளநி வெட்டிப் போடச் சொல்லுங்க, தொண்டை காயுது!"

சிலர் சிரித்துவிட்டார்கள். ராஜாவுக்கு முகம் எப்படிப் போயிற்று என்று நான் எழுத மாட்டேன். கல் எறிந்தோம். பாதித் தூரம்கூடப் போகவில்லை. பெனோனி அலை நுனி வரை ஓடி, நனைந்த மணலுக்கு முன்னால் நின்றுவிட்டான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. அவனாகவே நின்றான். நானூறு பேர் நின்றோம். அவர்கள் மூன்று மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் போனார்கள்.

போகும்போது அவன் சொன்னது காதில் நிற்கிறது. "கோவிச்சுக்காதீங்க. நீங்க யாரும் தண்ணியில கால் வைக்க மாட்டீங்கன்னு அம்போன்ல சொன்னாங்க. நான் நம்பல. நெஜந்தான் போல!"

அம்போனில் அவனிடம் இதை யார் சொல்லியிருப்பார்கள்? உனக்குத் தெரிந்தால் எழுது.

நீ சொன்ன அந்த ஒரு வரியைச் சேர்க்கப் போதகரிடம் போனேன். ஜெபத்தை நடுவில் திருத்த முடியாது என்கிறார்.

சமாதானம் உன்னோடிருப்பதாக.
ஒக்தோ


அம்போன்
ஜூலை 22, 1996

அன்பான அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்து மனம் ஆறவில்லை. அண்ணிக்கு இருமல் மருந்து இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், சிவப்பு மூடி காலையில், வெள்ளை மூடி இரவில்.

இங்கே தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கிறது. ஹாங்காங் கப்பலின் எந்திரம் கெட்டு, பத்து நாள் துறையில் கிடந்தது. கூண்டு மீனுக்குத் தீனி போட்டே ஓய்ந்துவிட்டேன். கிராம்பு விலை ஏறவில்லை, இருப்பதை விற்றுவிடச் சொல்லுங்கள், பிடித்து வைப்பதில் லாபமில்லை. பெனோனியின் மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: மீன்வளத்துறை ஆபீசுக்கு எழுதுங்கள். கடற்படைச் சாவடிக்கும் எழுதுங்கள். படகின் நிறம், தேதி, நேரம் எல்லாம் போடுங்கள். ராஜாவின் முத்திரை இருக்கட்டும். நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், மாதம் ஒன்று போகட்டும்.

கரையில் அடுப்பு மூட்டிப் புகை போட்டால் ஆள் இருக்கிறது என்று தெரியும். அதையும் செய்து பாருங்கள்.

புது அரிசி பத்துக் கிலோவும் சர்க்கரையும் இந்தப் படகில் வருகின்றன. சாகோக் களியே தின்றுகொண்டிருக்காதீர்கள்.

மினா


ஹுலாவேர்
ஆகஸ்ட் 19, 1996

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். அரிசி வந்தது. சட்டை பெண்ணுக்குக் கொஞ்சம் பெரியது, அடுத்த வருடம் சரியாக இருக்கும்.

நீலப் படகு இன்னும் இரண்டு தடவை வந்தது. புகை போட்டோம். மீன் சுடுகிறீர்களா என்று கேட்டார்கள்.

ஆபீசிலிருந்து பதில் இல்லை. சாவடிக்கு ராஜாவும் நானும் நேரில் போனோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். "பெரியவரே, படகு இருக்கு, டீசல் இல்ல. டீசல் வந்தா ஆர்டர் இருக்காது. ரெண்டும் வந்தா மழை வரும். நான் என்ன பண்ண?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருந்தது. நாங்கள்தான் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தோம்.

கடலை மூடிய போதகரை வேறு தீவுக்கு மாற்றிவிட்டார்கள். புதுப் போதகர் சின்ன வயதுக்காரர். "மூடுனவர் வாயாலதான் தொறக்கணும், இல்ல நாள் வரணும்" என்கிறார். மூடியவருக்கு எழுதினோம். ஜெபம் செய்கிறேன் என்று பதில் வந்தது. ராஜாவைக் கேட்டால், "இப்பத் தொறந்தா நம்ம சனமே மிச்சத்தையும் வழிச்சிடும், ஒக்தோ" என்கிறார். அதுவும் உண்மைதான்.

போன அமாவாசைக்கு நீர் நன்றாக வற்றியது. ஆற்றுமுகப் பக்கம் முழுக்க வெளுத்துவிட்டது. சுண்ணாம்பு கொட்டிவைத்த மாதிரி. காற்று கரைக்குத் திரும்பினால் நாற்றம். கருமுனைப் பக்கம் மட்டும் இன்னும் நிறம் இருக்கிறது. தெபோரா அந்தப் பக்கம் இருக்கும் சன்னலைச் சாத்திவிட்டாள்.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. கடிதம் நீளமாக இருந்ததால் விட்டுப்போயிருக்கும்.

ஒக்தோ


அம்போன்
அக்டோபர் 2, 1996

அன்பான அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். காய்ச்சலாக இருந்தது. இப்போது தேவலை.

நைலான் கயிறு இரண்டு கட்டு, தகரக் கூரைக்கு ஆணி, அண்ணிக்குப் பூப்போட்ட துணி, உங்களுக்கு ஒரு மழைச்சட்டை அனுப்பியிருக்கிறேன். மழைச்சட்டை நல்ல சரக்கு, கொரியாவில் செய்தது.

வேறு விசேஷம் இல்லை.

மினா


ஹுலாவேர்
அக்டோபர் 25, 1996

அன்பு நாத்தனார் மினாவுக்கு,

உன் அண்ணன் இதை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் குப்புறப் படுத்துத் தூங்கும்போது எழுதுகிறேன். எனக்குக் கையெழுத்து வராது என்று உனக்குத் தெரியும், பொறுத்துக்கொள். உன் காய்ச்சல் போய்விட்டதா?

போன சனிக்கிழமை பகலில் அந்தப் படகு கருமுனைப் பக்கம் வந்து நின்றது. நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் கரைக்குப் போனோம். யாரும் கத்தக்கூட இல்லை. கத்தி என்ன ஆகப் போகிறது. உன் அண்ணன் தொலைநோக்கியை என் கையில் கொடுத்தார். சட்டையைக் கழற்றினார். நீ அனுப்பிய மழைச்சட்டையை மடித்து அதன்மேல் வைத்தார். தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"ஒக்தோ, வேணாம்யா! ஏய் ஒக்தோ!" என்று ராஜாவே கத்தினார்.

அறுபத்தொரு வயதில் அவ்வளவு தூரம் நீந்துவார் என்று நான் நினைக்கவில்லை. படகில் இருந்தவன் துடுப்பை ஓங்கினான், அடிக்கவில்லை. உன் அண்ணன் மஞ்சள் குழாய் ஒன்றைப் பிடித்து இரண்டாக மடித்துவிட்டார். தொலைநோக்கியில் எனக்கு அவர் கை தெரிந்தது. படகுக்காரன், "பெரியவரே, கீழ ஆள் இருக்கான்! செத்துருவான்! விடுங்க!" என்று கதறினான். ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம்கூட இருக்காது. உன் அண்ணன் கையை விட்டுவிட்டார்.

நீந்தித் திரும்பி வந்தார். படகு அவசரப்படவில்லை. அந்தி வரை வேலையை முடித்துக்கொண்டுதான் போனது.

ஈரத்தோடு நேரே ராஜா வீட்டுக்குப் போய், "காவல்காரன் தண்ணியில எறங்கிட்டான், தண்டனையக் கொடுங்க" என்றார். ராஜா, "நீ எதுக்கு எறங்குனேன்னு ஊருக்கே தெரியும், போய்ப் படு" என்றார். இவர் கேட்கவில்லை. ஒருத்தனுக்குச் சட்டத்தை வளைத்தால் நாளைக்கு எல்லோரும் சிப்பி எடுக்க இறங்குவார்கள் என்று வாதம். கடைசியில் திங்கட்கிழமை கோயில் முன்னால் பத்துப் பிரம்படி. யாரும் பிரம்பைத் தொட வரவில்லை. உன் அண்ணனே பெனோனியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் அழுதுகொண்டே அடித்தான். மெதுவாக அடித்தால், "இது கணக்கில வராது" என்று இவர் சொன்னார். அதனால் பன்னிரண்டு ஆயிற்று.

எங்கள் சட்டத்தில் இந்த வருடம் மாட்டியவர் இவர் ஒருத்தர்தான்.

காவல் தலைவர் பதவி போய்விட்டது. முதுகு ஆறுகிறது. பேச்சுத்தான் குறைந்துவிட்டது. நீ அவருக்கு எழுது. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

தெபோரா


அம்போன்
நவம்பர் 5, 1996

அன்பான அண்ணனுக்கு,

அண்ணி எழுதினாள். அவளைத் திட்டாதீர்கள். முதுகுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். துணியை வைத்துக் கட்ட வேண்டாம், காற்றாட விடுங்கள்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எனக்குச் சுற்றிவளைத்து எழுத வராது, நேராகவே சொல்லிவிடுகிறேன். நான்தான் சொன்னேன்.

நீங்கள் படகுக்காரர்களிடம் சொல்லி வைக்கச் சொன்னீர்கள். நீலப் படகு ஹெர்மனுடையது. மே மாதம் என்னிடம் மீன் கொண்டுவந்தான். அந்தப் பக்கம் போகாதே, எங்கள் ஊர் மூடியிருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விலை படியாமல் அரை மணியாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். அவனைச் சிரிக்க வைத்தால் இறங்கி வருவான் என்று, "எங்க ஊர்ல காவல்காரனே தண்ணியில கால் வைக்கக் கூடாதுடா, தெரியுமா" என்றேன். சிரித்தான். விலையும் படிந்தது. என் வியாபாரப் புத்தி அவ்வளவுதான்.

ஜூலையில் அவன் கொண்டுவந்த களவாக்களை வாங்கும்போது எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்தபிறகு தெரிந்தது. ஆகஸ்டில் கொண்டுவந்ததைத் தெரிந்தேதான் வாங்கினேன். ஏற்கெனவே செத்த கடல், மீனாவது யாருக்காவது பயன்படட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதையும் எழுதிவிடுகிறேன், பாதி உண்மை சொல்லிப் பயனில்லை.

காய்ச்சல் ஒன்றும் வரவில்லை.

இனி அவனிடம் வாங்க மாட்டேன். வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மினா


ஹுலாவேர்
டிசம்பர் 29, 1996

தங்கச்சிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நாங்கள் நலம். முதுகு ஆறிவிட்டது, குளிக்கும்போது மட்டும் கொஞ்சம் எரியும்.

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. கோபத்தினால் அல்ல, எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை.

நீ எழுதியது படகு வந்த முதல் நாளே எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் படகுக்காரன் உன் பேரையே சொன்னான். "மினா அக்கா ஊருதான இது?" என்று கேட்டான். எந்திரச் சத்தத்தில் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, என் பக்கத்தில் நின்ற பெனோனிக்கு மட்டும் கேட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீயாக எழுதுவாய் என்று பார்த்தேன். இரண்டு தடவை அரிசியும் ஆணியும்தான் வந்தன.

உன்மேல் மட்டும் குற்றம் இல்லை. காவல்காரனையும் சேர்த்து மூடச் சொன்னவன் நான். ஊர் என்னை ஒரு நாளாவது நல்லவன் என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு விலையாக ஊர் கொடுத்தது பாதிக் கடல்.

இப்போது பெனோனி காவல் தலைவர். கரையில் அவன் நிற்கிறான். எனக்கு ஒரு வருடம் கூட்டத்தில் உட்கார அனுமதி இல்லை. வீட்டுப் படியில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஆற்றுமுகப் பக்கம் பாசி பிடித்துவிட்டது, பச்சையாகப் பிசுபிசுவென்று இருக்கிறதாம். கருமுனைப் பக்கம் ஒரு தடவை மட்டும் மருந்து பட்டது, முக்கால்வாசி இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்னும் நாலைந்து தடவை படகு வந்தால் அதுவும் போய்விடும். அது போனால் சிப்பி இல்லை, களவா இல்லை, மூன்று வருடம் கழித்துத் திறப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆபீசுக்கு ஆறாவது கடிதம் போட்டாயிற்று. இளம் போதகர் உபவாசம் இருக்கச் சொல்கிறார். இருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்துவிட்டேன், மினா. நீ வியாபாரி. எனக்குத் தெரியாத வழி உனக்குத் தெரிந்திருக்கலாம். இருந்தால் செய். எப்படி என்று எனக்கு எழுதாதே.

ஒக்தோ


அம்போன்
ஜனவரி 20, 1997

அன்பான அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

புது வருடத்தில் உங்கள் இருவருக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும். நான் இருக்கிறேன், மூட்டு இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று சகித்துக்கொள்கின்றன.

எப்படி என்று எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். ஒருதடவை உங்களிடம் மறைத்தது போதும்.

நவம்பரும் டிசம்பரும் ஹெர்மனிடம் ஒரு மீன்கூட வாங்கவில்லை. அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இந்தக் கரையில் என்னைப் போல் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். என் பங்கு மீனை அவர்கள் பிரித்துக்கொண்டார்கள். என் கூண்டு இரண்டு காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான் நடந்தது. கப்பல்காரனிடம் மருந்து மீன் வாங்காதே என்று சொல்லிப் பார்த்தேன். "மீனு உயிரோட இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றான். நானும் சாவடிக்குப் போனேன். அந்த நல்ல மனிதர் எனக்கும் காப்பி கொடுத்தார்.

பிறகு ஹெர்மனைக் கூப்பிட்டனுப்பினேன். வந்து உட்கார்ந்தவுடன் உங்களைத்தான் கேட்டான்.

"உங்கண்ணன் எப்படி இருக்காரு? அன்னைக்குக் கீழ இருந்தவன் என் தம்பி. அவர் கைய விட்டதாலதான் இன்னைக்கு உயிரோட இருக்கான்."

"அப்ப அந்தக் கருமுனைய விட்டுடு."

"விட்டுட்டு? என் ஆளுங்களுக்கு மணலையா அள்ளிப் போடுவேன்? படகு கடன்ல ஓடுது, மினா அக்கா."

"வேற எங்கயாவது போ."

"வேற எங்கயாவதுன்னா அதுக்கும் ஒரு கடல் வேணும்ல? அங்கயும் யாரோ ஒரு அண்ணன் இருப்பான்ல?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான். நான் அவனுக்கு இன்னொரு காப்பி ஊற்றினேன். பிறகு அவன் ஓர் ஊரின் பேரைச் சொன்னான். நமக்குத் தெரிந்த ஊர்தான், அங்கே நமக்குச் சொந்தமும் உண்டு. பேரை இங்கே எழுதவில்லை. நீங்களும் கேட்டு எழுதாதீர்கள். "அங்க காவல் எப்படி?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

அவன் சொல் காப்பானா என்றால், விலை கிடைக்கும் வரை காப்பான். அவன் வராவிட்டால் வேறு படகு வராதா என்றால், வரலாம். அதற்கு என்னிடம் வழியில்லை. என்னால் முடிந்தது இந்த ஒரு படகு.

பெனோனியிடம் இதைச் சொல்ல வேண்டாம். கரையில் நிற்கட்டும். அண்ணி அந்தச் சன்னலைத் திறக்கலாம்.

தங்கை யாகோமினா

பேசி முடித்தது இவ்வளவுதான்: கடல் திறக்கும் 1999 குருத்தோலை ஞாயிறு வரை ஹெர்மனின் படகு கருமுனைப் பக்கம் வராது. அதுவரை அவன் பிடிக்கும் களவா முழுவதையும் நானே எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு யாரும் வாங்காத சின்ன மீன் உட்பட. கிலோ பதினெட்டாயிரம் ரூபியா, கரை விலையைவிட இரண்டாயிரம் அதிகம், துறையிலேயே ரொக்கம். எங்கே பிடித்தது என்று நான் கேட்கக் கூடாது.